மூன்றாவது போல்ட்

எஞ்சினைப் பார்க்கக் கூப்பிட்டால் மேஸ்திரி முதலில் அதைத் தொடமாட்டார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியை ஒரு சுற்று சுற்றி வருவார். குனிந்து அடித்தரையைப் பார்ப்பார். மோந்து பார்ப்பார். பிறகு ஒரு சாக்கை மடித்துப் போட்டு எதிரே உட்கார்ந்துவிடுவார். பக்கத்தில் நிற்கிற எனக்குப் பொறுமை போய்விடும்.

"இன்னா மேஸ்திரி, இன்னாவா இருக்கும்?"

"இருக்கும்னு சொல்றதுக்கு நான் எதுக்கு? அத நீயே சொல்லலாம். நான் பாத்தா சொல்றேன்."

பார்த்தால் சொல்வார். பார்க்காவிட்டால் தெரியாது என்பார். நடுவில் வேறு பேச்சு அவரிடம் கிடையாது.

ஆம்பூருக்கும் வேலூருக்கும் பெட்ரோல் பஸ் ஓட ஆரம்பித்துச் சில வருஷங்களே ஆகியிருந்த காலம் அது. எங்கள் முதலாளி தோல் வியாபாரி. மண்டிக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகையில் இரண்டு பஸ்கள் நிற்கும். ஒன்றுக்கு நான் டிரைவர். எனக்கு இருபத்தேழு வயது இருக்கும். மேஸ்திரிக்கு நாற்பத்தைந்துக்கு மேல். அரக்கோணத்து ரயில் கொட்டகையில் நீராவி எஞ்சின்களோடு பத்துப் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு வந்தவர். குள்ளமான ஆள். மணிக்கட்டு இரண்டும் உலக்கை மாதிரி. எப்போதோ ஆவி அடித்து இடது புருவம் பாதி போயிருந்தது. அதனால் எதைப் பார்த்தாலும் சந்தேகத்தோடு பார்ப்பது போல இருக்கும்.

அவருடைய அந்தக் குணம் எஞ்சினோடு நிற்கவில்லை. ஒரு முறை அவர் தெருவில் ஒரு கோழி காணாமல் போய் இரண்டு வீட்டுப் பெண்கள் மண்ணை வாரித் தூற்றிக்கொண்டார்கள். மேஸ்திரி வாசலில் உட்கார்ந்திருந்தாராம். அவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள்.

"கோழி போச்சு, பாத்தேன்" என்றார்.

"யாரு வீட்டுக்குள்ள போச்சு?"

"அது பாக்கல. செவுரு மறைச்சிக்கிச்சு."

"அந்தச் செவுத்துக்கு அப்பால இவ வீடுதான இருக்குது?"

"வீடு இருக்குது. கோழி உள்ள போனத நான் பாக்கலையே."

இரண்டு பெண்களும் சண்டையை விட்டுவிட்டு அவரைத் திட்டினார்களாம். அவருடைய சம்சாரமே இதைச் சொல்லிச் சிரித்தாள். "இந்த ஆள வெச்சிக்கினு ஒரு நியாயமும் கேக்க முடியாது. சாப்பாட்ல உப்பு கம்மியான்னு கேட்டா, வாயில வெச்சப்புறம் சொல்றேன்னுவாரு."

நான் அவரை முழுதாகத் தெரிந்துகொண்டது என் வண்டி தண்ணீர் குடிக்க ஆரம்பித்தபோது.

ஆம்பூரில் ரேடியேட்டர் நிறைய ஊற்றினால் பள்ளிகொண்டா வருவதற்குள் கால்வாசி காலி. வேலூரில் நிறுத்தினால் அரைவாசி காலி. ஆனால் அடியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. வேலூரில் ஒரு மெக்கானிக் ரேடியேட்டரை மாற்ற வேண்டும் என்றார். இன்னொருவர் எஞ்சின் மேல்மூடிக்கு அடியில் இருக்கிற பேக்கிங் போய்விட்டது, தண்ணீர் உள்ளே இறங்கி எரிகிறது என்றார். இரண்டு பேரும் வண்டியைப் பார்த்த ஐந்தாவது நிமிஷத்தில் சொன்னார்கள்.

மேஸ்திரி சாக்கைப் போட்டு உட்கார்ந்தார். எஞ்சினை ஓடவிடச் சொன்னார். ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரில் குமிழி வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. பின்னால் போய்ப் புகையைப் பார்த்தார். வெள்ளையாக இல்லை. எண்ணெய் அளக்கும் குச்சியை உருவி விரலில் தேய்த்தார். எண்ணெய் எண்ணெயாகவே இருந்தது. தண்ணீர் கலந்திருந்தால் மோர் மாதிரி வெளுத்திருக்கும்.

"தண்ணி உள்ள போகல" என்றார். "அப்போ வெளியதான் போவுது. வெளிய போனா தரையில விழணும். விழல. இன்னா அர்த்தம்?"

எனக்குத் தெரியவில்லை.

"விழறதுக்கு முன்னாடியே காஞ்சி போவுது. எங்க காயும்? நெருப்பு இருக்கிற எடத்துல."

எஞ்சினின் பக்கவாட்டில் புகை வெளியேறும் தடித்த இரும்புக்குழாய் போல்ட்டுகளால் பிடித்து முடுக்கப்பட்டிருக்கும். ஓடும்போது அதன்மேல் எச்சில் பட்டாலும் சுர்ரென்று மறைந்துவிடும். தண்ணீர் அங்கேதான் போகிறது என்று அவர் அப்போதும் சொல்லவில்லை. "எடம் இது. எந்த இடுக்குல வருதுன்னு பாக்கணும். சூடா இருக்கச்சே காட்டாது. ஆறட்டும்" என்று எழுந்து போய்விட்டார்.

சாயங்காலம் வந்து, சலித்த அடுப்புச் சாம்பலைக் குழாய் ஓரமெல்லாம் மெல்லத் தூவினார். விடிந்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். முன்பக்கத்திலிருந்து மூன்றாவது போல்ட்டின் தலைக்கடியில், எறும்புச் சாரை அளவுக்கு ஒரு ஈரக்கோடு சாம்பலில் இறங்கியிருந்தது. மற்ற போல்ட்டுகளின் அடியில் சாம்பல் காய்ந்து கிடந்தது. அப்புறம் எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட்டினோம். ஈரக்கோடு ஆவியாகி, அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு பொருக்கு நின்றது.

"இப்ப சொல்றேன்" என்றார் மேஸ்திரி. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "மத்த போல்ட்டு எல்லாம் இரும்புக்குள்ளயே நின்னுடுது. இந்த மூணாவது மட்டும் தண்ணி ஓடற அறை வரைக்கும் பூந்துடுது. மரை வழியா தண்ணி ஏறி வருது. வெளிய வந்ததும் சூடு குடிச்சிடுது."

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு அந்தப் போல்ட்டைக் கழற்றினார். போல்ட்டின் திருகுவரியான மரையைச் சீப்பு மாதிரி ஒரு கம்பியால் சுத்தம் செய்தார். சபேதா என்று நாங்கள் சொல்லும் வெள்ளைப் பசையை மரையில் தடவி, ஒற்றைப் பருத்தி நூலைச் சுற்றி, மறுபடி பசை தடவி முடுக்கினார். ஒரு நாள் முழுக்க வண்டியைத் தொடவிடவில்லை. அதற்குப் பிறகு வேலூர் போய்த் திரும்பினாலும் ரேடியேட்டரில் அரைச் சொம்பு தண்ணீர்கூடக் குறையவில்லை.

அன்று அவர் என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்.

"இதுல வேற யாரும் கை வெக்க வேணாம். அவசரத்துக்கு வெச்சா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு. திட்டமாட்டேன்."

சொல்லிவிடுவேன் என்று நான் சொன்னேன்.

ஏழெட்டு மாதம் கழித்து மாதனூர் அருகே வண்டி படபடவென்று வெடிக்கிற மாதிரி சத்தம் போட்டது. இறங்கிப் பார்த்தால் புகைக்குழாய் ஓரிடத்தில் விலகிப் புகை அடித்தது. அந்த மூன்றாவது போல்ட்டின் தலை தெறித்துப் போயிருந்தது. எதிர்க்கம்பெனி பஸ் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. அது என்னைத் தாண்டிவிட்டால் பள்ளிகொண்டாவில் நிற்கிற ஜனமெல்லாம் அதில் ஏறிவிடும். மிச்சமிருந்த துண்டைக் குறடு போட்டுத் திருகி எடுத்தேன். டூல் பெட்டியில் கிடந்த ஒரு பழைய போல்ட்டு அதே கனத்தில் இருந்தது. எஞ்சின் கொதிக்கக் கொதிக்க அதை வெறும் மரையோடு முடுக்கினேன். தண்ணீர் கொஞ்சம் பீறிட்டு என் கையைச் சுட்டது. சத்தம் நின்றது. எதிர்க்கம்பெனி வண்டி என்னைத் தாண்டவில்லை.

அன்று சாயங்காலம் மேஸ்திரியிடம் சொல்லியிருக்கலாம். திட்டியிருக்கமாட்டார். ஆனால் மறுபடி வண்டியை ஒரு நாள் நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். இரண்டு நாள் போன பிறகு, ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்பாரே என்று தோன்றியது. வழியில் கூடுதலாக ஒரு இடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளப் பழகிக்கொண்டேன். ஒருவருக்கும் தெரியாது. அப்படி மூன்று வாரம் ஓடியது.

பங்குனி மாதம். காலை வண்டி ஆம்பூரில் புறப்படத் தயாராக இருந்தபோது தோல் தொழிற்சாலையிலிருந்து நாலு பேர் ஒருவரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். கன்னியப்பன் என்று பெயர். தோலை ஊறப்போடும் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்கிறவர். பாரம் நழுவிக் குழியில் விழுந்து, கலங்கிய சுண்ணாம்பு அவருடைய இரண்டு கண்ணிலும் அடித்துவிட்டது. அங்கிருந்த கம்பவுண்டர், கண்ணைத் தண்ணீரால் கழுவிக்கொண்டே வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லியிருந்தார். கன்னியப்பனின் மனைவி வள்ளியம்மா ஒரு பெரிய செம்புத் தவலை நிறையத் தண்ணீரோடு ஏறினாள். அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கையால் அள்ளி அள்ளிக் கண்ணில் விட்டுக்கொண்டே வந்தாள். அவர் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னும் எத்தினி மைலு, இன்னும் எத்தினி மைலு" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் ஆக்சிலேட்டரை மிதித்த காலை எடுக்கவில்லை. வழக்கமாகத் தண்ணீர் ஊற்றுகிற இடத்தில் நிறுத்தவில்லை. பள்ளிகொண்டாவிலும் நிறுத்தவில்லை. அதைத் தாண்டி இரண்டு மைல் போவதற்குள் முன்னாலிருந்து ஆவி கிளம்பி, எஞ்சின் முனகிக்கொண்டே நின்றது. இறங்கி மூடியைத் திறந்தேன். தண்ணீரே இல்லை. போல்ட்டு தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அதை முடுக்கினேன். சுற்றிலும் பார்த்தேன். பாலாற்றில் மணல்தான். கண்ணுக்கெட்டிய வரை கிணறு இல்லை.

நான் பஸ்ஸுக்குள் ஏறி வள்ளியம்மாவின் தவலையைப் பார்த்தேன். பாதி இருந்தது.

"அந்தத் தண்ணிய குடும்மா. ஊத்தினா வண்டி கெளம்பிடும். அர மணியில ஆஸ்பத்திரி."

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடியபடியே, "குடுத்துடு" என்றார்.

கொதித்துக் காய்ந்திருக்கிற எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றக்கூடாது என்பது எனக்குத் தெரியும். மேஸ்திரி பல தடவை சொல்லியிருந்தார். அந்த நேரத்தில் அது ஞாபகத்தில் இருந்ததா என்று இன்றுவரை எனக்கே தெளிவில்லை. ஊற்றினேன். உள்ளே கண்ணாடி உடைகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. இரும்பு விரிசல் விட்டு, ஊற்றிய தண்ணீரெல்லாம் ரோட்டில் ஓடியது.

பள்ளிகொண்டாவுக்கு ஆள் ஓடி ஜட்கா பிடித்துக்கொண்டு வந்து, அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் புகை போலக் கொஞ்சம் பார்வை நின்றது. சீக்கிரம் வந்திருந்தால் ஒரு கண்ணையாவது முழுதாகக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். இருக்கலாம் என்றுதான் சொன்னார். அந்த வார்த்தையை நான் எத்தனையோ நாள் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன்.

வண்டியை மாடு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். கொட்டகையில் முதலாளி ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் தூணோரம் நின்றேன். மேஸ்திரி வழக்கம்போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றி வந்தார். விரிசலைப் பார்த்தார்.

"இது பச்சைத் தண்ணி ஊத்தினதால. அவசரத்துல ஊத்திட்டான், அத வுடுங்க. தண்ணி மொதல்ல எதால போச்சுன்னு பாக்கணும்."

மூன்றாவது போல்ட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். மரையில் பசை இல்லை, நூல் இல்லை. வெறும் இரும்பு. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நடுவுல யாராச்சும் இதுல கை வெச்சாங்களாப்பா?"

அந்தக் கேள்வியில் குற்றச்சாட்டே இல்லை. எண்ணெய்க்குச்சியை உருவிப் பார்க்கிற மாதிரிதான் கேட்டார். முதலாளி என்னைப் பார்த்தார்.

"இல்ல மேஸ்திரி" என்றேன். "யாரும் தொடல."

எஞ்சின் விஷயத்தில் வேலூர் மெக்கானிக்குகள் சொன்னதை நம்பாதவர், எந்த விஷயத்திலும் கண்ணால் காணாததை நம்பாதவர், அன்று நான் சொன்னதை நம்பினார். நான்தானே அந்த வண்டியோடு நாள் முழுக்க இருக்கிறவன்.

"அப்போ நான்தான்" என்றார். "நடுவுல ஒரு தரம் குழாய கழட்டி மாட்டினேன். அப்ப சபேதா தடவினதா நெனப்பு. தடவலபோல. போல்ட்டே மாறியிருக்குது, எனக்கு அதுவும் நெனப்புல இல்ல."

"உங்க கை மறக்குமா, மேஸ்திரி?" என்றார் முதலாளி.

"கண்ணு முன்னால இருக்குதே, மொதலாளி. வேற யாரும் தொடலன்னா என் கைதான மறந்திருக்கணும்."

முதலாளி நல்ல மனிதர். ஆனது ஆச்சு, இருந்து வேலையைப் பாருங்கள் என்றார். மேஸ்திரி கேட்கவில்லை. ஒரு ஆளுடைய கண் போயிருக்கிறது, இனி இந்தக் கையால் ஒரு போல்ட்டை முடுக்கிவிட்டு அதன்மேல் இருபது பேரை ஏற்றி அனுப்ப என்னால் ஆகாது என்றார். ஸ்பேனர்களையெல்லாம் துடைத்து வரிசையாகப் பலகையில் வைத்துவிட்டுப் போனார். நான் தூணோரமே நின்றிருந்தேன். இத்தனை வருஷத்தில் என் வாழ்க்கையில் நான் பேசாமல் நின்ற இடங்கள் பல உண்டு. மற்றதெல்லாம் மறந்துவிட்டது.

அடுத்த மாதம் அவர் கன்னியப்பன் வேலை செய்த தொழிற்சாலையில் போய்ச் சேர்ந்தார். அங்கே நீர் இறைக்கிற எஞ்சின் ஒன்று உண்டு. அந்தப் பக்கம் போகமாட்டேன் என்று சொல்லி, தோல் பதனிட வரும் ஆவாரம்பட்டையை வெட்டிக் கட்டுகிற கிடங்கில் கூலியாகச் சேர்ந்தார். கன்னியப்பன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அங்கே கெஞ்சிக் கேட்டு அவருக்கும் ஒரு இடம் வாங்கிக்கொடுத்தார். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து வேலை செய்வார்களாம். கன்னியப்பன் கட்டுகிற கட்டுகளை மேஸ்திரி ஒரு தரம் தடவிப் பார்த்து, தளர்ந்திருந்தால் சத்தமில்லாமல் இழுத்து முடிபோட்டு வைப்பாராம்.

இதெல்லாம் நான் கேள்விப்பட்டது. கண்ணால் பார்த்தது ஒன்று உண்டு. தொழிற்சாலைக்கும் அவர்கள் வீட்டுப் பக்கத்துக்கும் நடுவில் ரயில் பாதை. சாயங்காலம் என் வண்டி வேலூரிலிருந்து திரும்பும்போது பல நாள் அந்தக் கேட் மூடியிருக்கும். கேட்டோரத்துச் சின்ன வழியில் மேஸ்திரி கன்னியப்பனின் தோளில் கைபோட்டுப் பாதையைக் கடக்க வைத்துக் கூட்டிக்கொண்டு போவார். புது வண்டி வந்திருந்தது. எனக்குக் கல்யாணமும் ஆகியிருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நான் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் என்னைக் கண்டால் தலையசைப்பார். ஒரு நாள் எஞ்சின் ஒரு மாதிரி தட்டியது. வேண்டுமென்றேதான் கேட்டேன்.

"இந்தச் சத்தம் இன்னா மேஸ்திரி? கொஞ்சம் பாருங்களேன்."

அவர் வண்டியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "எனக்குத் தெரியாதுப்பா. வேற யாரையாவது கேளு" என்று நடந்தார். பார்த்தால் சொல்கிறேன் என்கிற பேச்சு அவரிடம் இல்லாமல் போயிருந்தது.

ஆறு வருஷம் இப்படிப் போனது. ஆறாவது வருஷம் ஒரு நாள் கேட் மூடியிருந்தபோது கன்னியப்பன் தனியாக வந்து, தடவிக்கொண்டே என் வண்டிப் படியில் காலை வைத்தார்.

"ட்ரைவரே, உங்களால ஒரு காரியம் ஆவணும். எங்க மேஸ்திரிய மறுபடி மோட்டார் வேலைக்குக் கூப்பிடச் சொல்லி உங்க மொதலாளிகிட்ட சொல்லுங்க. நான் அவர எப்பவோ மன்னிச்சிட்டேன். மொத ரெண்டு வருசம் மூஞ்சி குடுத்துப் பேசல, வாஸ்தவம். தெனம் காலையில என்னக் கூட்டினு போக வந்து வாசல்ல நிப்பாரு. என் பொஞ்சாதிதான் சொன்னா, இந்த ஆளு நம்மளவிட ஜாஸ்தி கஷ்டப்படறாருன்னு. அப்பால மனசு ஆறிப்போச்சு. அவருதான் ஆற மாட்டேங்கறாரு. தண்ணி எறைக்கிற எஞ்சின் ஓடற சத்தம் கேட்டா கத்தியக் கீழ வெச்சிட்டு அப்படியே நின்னுடறாரு."

கேட் திறந்தது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. நான் ஏதோ சரி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கொட்டகைக்கு வந்து வண்டியை நிறுத்தியும் இறங்க முடியவில்லை.

மறுநாள் மத்தியானம் பட்டைக் கிடங்குக்குப் போனேன். கன்னியப்பன் சாப்பிடப் போயிருந்தார். மேஸ்திரி தனியாக உட்கார்ந்து கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மாதனூர், எதிர்க்கம்பெனி வண்டி, டூல் பெட்டியில் கிடந்த போல்ட்டு.

அவர் நிமிரவில்லை. "சூடா இருக்கச்சேயா முடுக்கின?" என்றார்.

"ஆமா."

"சபேதா?"

"இல்ல."

"தண்ணி வந்துதா?"

"வந்திச்சு. கையில பட்டுச்சு."

தலையை ஆட்டினார். ஒவ்வொன்றாகப் பொருந்தி வருகிறதா என்று பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது. பிறகு, "அன்னிக்குக் கேட்டேனேப்பா" என்றார்.

"ஆமா."

"இல்லன்ன."

"ஆமா, மேஸ்திரி."

அவர் அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். கத்தியை ஒரு பக்கம் வைத்தார். நான் அழுதுகொண்டே சொன்னேன், இப்போதே முதலாளியிடம் போய்ச் சொல்கிறேன், கன்னியப்பன் வந்ததும் அவர் காலில் விழுகிறேன் என்று.

"மொதலாளிகிட்ட சொல்லிக்க. அது உன் இஷ்டம். கன்னியப்பங்கிட்ட வேணாம்."

"ஏன் மேஸ்திரி?"

"அவன் எனக்கு மன்னிப்புக் குடுத்தான். லேசுல குடுக்கல. ரெண்டு வருசம் புடிச்சிச்சு அவனுக்கு. இப்ப போயி நீ சொன்னா, அவன் மறுபடி மொதல்லருந்து உம்மேல ஆரம்பிக்கணும். அவன் ஒடம்புல அவ்ளோ தெம்பு இல்ல. நீ மனசு லேசாவறதுக்கு அவன இன்னொரு தரம் நோவடிக்கணுமா?"

அவர் மறுபடி கத்தியை எடுத்தார்.

முதலாளியிடம் அன்றே சொன்னேன். அவர் வண்டிச் சாவியை மேஜைமேல் வைக்கச் சொன்னார். பிறகு அவரே ஆளனுப்பி மேஸ்திரியைக் கூப்பிட்டார். மேஸ்திரி வந்தார். பலகையில் அவருடைய ஸ்பேனர்கள் அப்படியே இருந்தன. ஒன்றை எடுத்தார். வண்டியின் மூடியைத் தூக்கி, புகைக்குழாய்ப் போல்ட்டு ஒன்றின்மேல் வைத்தார். முடுக்கினார். கழற்றினார். மறுபடி முடுக்கினார். நாலாவது தடவை கழற்றும்போது நிறுத்திவிட்டு, ஸ்பேனரை எடுத்த இடத்தில் வைத்தார்.

"அவன் சொல்லிட்டான், மொதலாளி. எனக்குத் தெரியுது. கைக்குத் தெரியல" என்றார். "ஆறு வருசம் அதத் திட்டிட்டேன்."

அதற்குமேல் முதலாளி அவரை வற்புறுத்தவில்லை. அவர் கிடங்குக்கே திரும்பிப் போனார்.

நான் குடியாத்தத்தில் நெசவு வியாபாரி ஒருவரிடம் லாரி ஓட்டப் போனேன். பல மாதம் ஆம்பூர்ப் பக்கமே வரவில்லை. ஒரு நாள் ஒரு துக்கத்துக்காக வந்துவிட்டுத் திரும்பும்போது, சாயங்காலம் அதே ரயில் கேட்டில் நடந்து வந்து நின்றேன். அவர்கள் இரண்டு பேரும் வந்தார்கள். மேஸ்திரியின் கை கன்னியப்பன் தோளில் இருந்தது. ரயில் வருவதற்கு இன்னும் நேரமிருந்தது. கன்னியப்பன் கேட்காத தூரத்துக்கு மேஸ்திரியைப் பத்தடி தள்ளி அழைத்துக் கேட்டேன்.

"இன்னுமா மேஸ்திரி? நீங்க செய்யாத தப்புக்கு இன்னும் எத்தினி நாளு?"

"அதுக்கா கூட்டினு போறேன்?" என்றார். "ஒத்தக் கண்ணுக்கு ரயிலு எவ்ளோ கிட்ட வந்திச்சுன்னு தெரியாதுப்பா. லைனு அங்கயேதான இருக்குது."

திரும்பிப் போய்க் கன்னியப்பன் தோளைப் பிடித்துக்கொண்டார். இருவரும் தண்டவாளத்தைக் கடந்தார்கள். காற்று என் பக்கம் அடித்தது.

"யாரு அது?" என்று கன்னியப்பன் கேட்டது காதில் விழுந்தது.

"பழைய ட்ரைவரு."

"நல்ல மனுசன். அன்னிக்கு எனக்காகத்தான வண்டிய அவ்ளோ வேகமா ஓட்டினாரு."

மேஸ்திரி என்ன சொல்கிறார் என்று கேட்க நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பள்ளம் இருக்கிறது, காலைப் பார்த்து வை என்று மட்டும் சொல்லி அவரைக் கூட்டிக்கொண்டு போனார்.